கிரைண்டர் வீடு வீடாக வந்துவிட்டது, அதைப் பிடிக்கும் பழக்கத்தை யார் சொல்லித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாரமலரில் சமையலுக்கு ஒரு பக்கம் வருகிறது, சாத்திரத்துக்கு ஒரு பக்கம் வருகிறது, கைபேசிக்கு அரைப்பக்கம் வருகிறது. எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் ஆளுக்கொன்றாகப் பிரித்து வாசிக்கிறோம். வீட்டுக்கு வீடு இருக்கிற ட்ரில்லுக்கும் இரும்பு வெட்டுகிற கிரைண்டருக்கும் கால்பக்கம்கூட இல்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கச்சான் காற்றுக் காலத்தில் என் மச்சான் தன் வீட்டு வாசலில் குந்தியிருந்து கேற்றுக்கு இரும்புக் குழாய் வெட்டிக்கொண்டிருந்தான். கையில் நாலு அங்குலக் கிரைண்டர், கட்டாரில் வேலை செய்த காலத்தில் வாங்கி வந்தது, நல்ல மெசின். வெட்டுகிற தட்டு முடிந்துபோனது. கடைக்குப் போனால் அரைமணி நேரம் போய்விடும் என்று, யாரோ பெரிய மெசினுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஏழு அங்குலத் தட்டை எடுத்திருக்கிறான். தட்டின் ஓட்டை பெரிது, அதற்கு ஒரு வாசர் போட்டான். கவர் இடித்தது, அதைக் கழற்றி மதிலில் வைத்தான். இரண்டாவது வெட்டிலேயே தட்டு வெடித்தது. ஒரு துண்டு இடது முழங்கைக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது, பதினாலு தையல். இன்னொரு துண்டு இரண்டு பாகம், சுமார் பன்னிரண்டு அடி, தள்ளி இருந்த முதிரை மரக் கதவு நிலையில் குத்தி நின்றது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, பிடுங்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். அது நின்ற உயரம் ஒரு சின்னப்பிள்ளையின் தலை உயரம். பிள்ளைகள் அப்போது பின்வளவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் மடையன் இல்லை. பன்னிரண்டு வருசம் வெளிநாட்டில் இரும்பு வேலை செய்தவன். அங்கே கவர் இல்லாத மெசினைத் தொட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவனே சொல்லுவான். இங்கே வந்ததும் கேட்க ஆளில்லை. அதோடு அந்தக் கவர் எதற்கு, தட்டின் அளவுக்கும் வேகத்துக்கும் என்ன கணக்கு என்பதை அங்கேயும் அவனுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, சட்டம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். நாலு அங்குலக் கிரைண்டர் சும்மா ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும், மெசினின் தகட்டில் எழுதியிருக்கும். நாலு அங்குலத் தட்டின் விளிம்பு அந்த வேகத்தில் செக்கனுக்குச் சுமார் 58 மீற்றர் ஓடுகிறது. வெட்டுகிற தட்டுகளைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 80 மீற்றர் வரை தாங்கும்படிதான் செய்கிறார்கள், அது மணிக்கு 288 கிலோமீற்றர். அதே மெசினில் ஏழு அங்குலத் தட்டைப் போட்டால் மெசினுக்குத் தட்டு பெரிது என்று தெரியாது, அது அதே 11,000 சுற்றைத்தான் சுற்றப் பார்க்கும், ஆனால் விளிம்பின் வேகம் செக்கனுக்கு 100 மீற்றரைத் தாண்டிவிடும். அரைத்த கல்லும் பிசினும் கண்ணாடி நூல் வலையும் சேர்ந்ததுதான் அந்தத் தட்டு. அது பிய்ந்து பறக்காமல் என்ன செய்யும்? தட்டின் முகத்திலேயே 8,500 என்று அச்சடித்திருந்தது, வெடித்த துண்டிலும் அந்த எண் பாதி தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தட்டின் நடு ஓட்டையைச் சுற்றி ஒரு தகர வளையம் இருக்கிறதே, அதில் ஒரு மாதமும் வருசமும் குத்தியிருக்கும். அது செய்த திகதி இல்லை, முடிகிற திகதி, வழமையாகச் செய்ததிலிருந்து மூன்று வருசம். பிசின் ஈரத்தை உறிஞ்சினால் பலம் குறையும் என்பதால்தான் அந்தத் திகதி. எங்கள் ஊர் ஈரத்தில் தட்டைச் சீமெந்துத் தரையில் போட்டு வைத்தால் அந்தத் திகதி வரைக்கும்கூடப் பொறுக்காது. மாரியில் நனைந்த தட்டைத் தூக்கி எறியத்தான் வேண்டும், வெயிலில் காயவைத்து எடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. புதுத் தட்டு போட்டால் ஒரு நிமிடம் ஆளில்லாத பக்கம் திருப்பிச் சும்மா ஓடவிட்டு, அப்புறம் வேலையில் வைக்க வேண்டும். சாறன் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கவே கூடாது. மரம் அறுக்கிற பல்வாளைக் கிரைண்டரில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். பல் மரத்தில் கடித்தால் மெசின் கையை விட்டுத் துள்ளும், துள்ளுவது தொடைக்கும் கழுத்துக்கும்தான்.

என் மாமா, அதாவது மனைவியின் அப்பா, ஓடாவி, மரவேலை செய்கிறவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டுக்குத்தான் போய் இருப்பான், அதனால் எனக்கு ஆயுதம் பிடிக்கப் பழக்கியது என் அப்பா இல்லை, மாமாதான். நான் லிகிதர் வேலை பார்த்தவன், தச்சு வேலை எனக்குப் பிழைப்பு இல்லை, ஆசைக்குச் செய்வது. மாமா முதல் ஒரு மாதம் உளியை என் கையில் தரவே இல்லை. தீட்டுக்கல்லைத்தான் தந்தார். அப்புறம் உளியைத் தந்து அதை எப்படிக் கீழே வைப்பது என்று காட்டினார், வாய் ஒருவரையும் பாராமல், தரையைத் தொடாமல். பிடிப்பதை அதற்குப் பிறகுதான் காட்டினார். அந்தக் காலத்தில் ஆயுதமும் பழக்கமும் ஒரே கையிலிருந்து வந்தன. இப்போது ஆயுதம் சூட்கேசில் வருகிறது, இல்லாவிட்டால் கைபேசியில் அமுக்கினால் கூரியரில் வருகிறது. பழக்கம் எதிலும் வருவதில்லை. பெட்டிக்குள் இருக்கிற சின்னப் புத்தகம் நமக்குத் தெரியாத பாசையில் இருக்கிறது, அட்டைப்பெட்டியோடு சேர்த்து எரிக்கிறோம்.

வைக்கிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் மட்டக்களப்பில் ஒரு மெசினைக் கெடுப்பது வேலை இல்லை, காற்று. எங்கள் வீடு கல்லடியில், கடற்கரை நடை தூரம். புது வாளை ஒரு கிழமை வெளியில் வைத்தால் செந்நிறம் ஏறிவிடும். 1924 இல் கட்டிய எங்கள் பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமா ஆயுதங்களைத் தகரப்பெட்டியில் வைக்க விடமாட்டார். தகரப்பெட்டி சீமெந்துத் தரையில் இருந்தால் விடியற்காலையில் உள்ளே வியர்க்கும். பலகைப் பெட்டி, அதுவும் கட்டைக்கு மேலே. நான் சுவரில் ஒரு பலகை அடித்து ஒவ்வொரு ஆயுதத்தையும் தொங்கவிட்டு, அதைச் சுற்றிப் பெயின்டால் கோடு வரைந்து வைத்திருக்கிறேன். குறடு இல்லையென்றால் குறட்டின் வடிவம் வெறுமையாக நிற்கும். இரவல் போனது எது, திரும்பி வராதது எது என்று கதவைத் திறந்ததும் தெரிகிறது. இது தெரிவதற்கு முன் என் வீட்டில் ஒரே அளவுத் திருப்புளியை மூன்று தரம் வாங்கியிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் கை வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு தரம் தடவினால் போதும், உளிக்கும் வாளுக்கும் சீவுளிக்கும் அதுவே காப்பு. கரண்ட் மெசினுக்குள்ளே எண்ணெய் விடக் கூடாது, காற்று போகிற வாயில் அடைத்த தூசியை ஊதி எடுத்தால் காணும். ஆணி, ஸ்குறூ வகைகளுக்கு ஹோர்லிக்ஸ் போத்தலை விட நல்ல பாத்திரம் நான் கண்டதில்லை. மூடியைத் தட்டுப் பலகையின் அடியில் இரண்டு ஆணியால் அடித்துவிட்டுப் போத்தலை அதில் திருகிவிடலாம், தொங்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், பலகையின் மேற்பக்கமும் மிச்சம். மெசின்கள் எல்லாம் இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும். 2011 சனவரி வெள்ளத்தில் கீழ்த்தட்டில் வைத்திருந்த ஒரு ட்ரில்லையும் ஒரு சீவுகிற மெசினையும் இழந்தேன், மேல்தட்டில் இருந்தவை இன்றும் ஓடுகின்றன. கச்சான் அடிக்கிற மாதங்களில் சுத்தியல் பிடி காய்ந்து தலை ஆடும். எல்லோரும் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், ஊறினால் இறுகும், காய்ந்தால் முன்னையதை விட மோசமாக ஆடும். ஆப்பை இன்னும் கொஞ்சம் இறக்கி அடிப்பதுதான் வழி.

பற்றரி மெசின் வாங்குகிறவர்களுக்கு ஒரு விசயம். 48 என்றும் 88 என்றும் பற்றரியின் மேலே பெரிதாக எழுதி வருகிறதே, அது வோல்ட் என்று நினைத்து ஏமாறாதீர்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வோல்ட் குறிக்கு மேல் இன்னொரு எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும், அது வெறும் மாதிரிப் பெயர். என் கையில் வந்த ஒன்றைத் திறந்து பார்த்தேன், அஞ்சு செல்தான் வரிசையில். ஒரு செல் 3.6 வோல்ட், அஞ்சும் சேர்ந்தால் 18, முழுச் சார்ஜில் ஒன்று 4.2, அப்போது 21. அதனால் 18 என்று எழுதிய நல்ல மெசினும் 20 என்று எழுதியதும் 21 என்று எழுதியதும் உள்ளே ஒன்றுதான். பெரிய எண்ணுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அப்புறம் அந்தப் பற்றரியைத் தகரக் கொட்டிலுக்குள் வைக்காதீர்கள், மத்தியான வெயிலில் தகரத்தின் கீழே அது வெந்துபோகும். வேலை செய்து சூடாக இருக்கிற பற்றரியை உடனே சார்ஜில் போடுவதும் கூடாது, ஆறவிட்டுப் போட வேண்டும். பல நாள் எடுக்க மாட்டோம் என்றால் பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் குளிர்ச்சியான அலுமாரியில் வைப்பது நல்லது.

கரண்ட் விசயத்தில் நான் கண்ட பழக்கங்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 13 அம்பியர் சதுரக் கால் பிளக்தான் இப்போது நாட்டின் நியமம். மெசினில் உருண்டைக் கால் பிளக் இருந்தால் என்ன செய்கிறோம்? பொயின்டின் மேல் ஓட்டையில் ஒரு திருப்புளியைக் குத்தி, கீழ்க்கதவு திறந்ததும் உருண்டைக் காலை நெட்டித் தள்ளுகிறோம். அந்த மேல் ஓட்டை எர்த்துக்கு உரியது. இப்படிச் செருகினால் எர்த் இல்லை, பிடிப்பும் இல்லை, பொயின்ட் கருகுகிறது. மெசினின் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அதற்கு இரட்டைக் காப்பு உண்டு, எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாத, இரும்பு உடம்புள்ள பழைய ட்ரில்லை எர்த் இல்லாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. பிளக்கை மாற்ற ஒரு வயர்மேனுக்குப் பத்து நிமிடம் போதும். பிரதான பெட்டியில் ட்ரிப் சுவிச் இருக்கிறதல்லவா, அது 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டியது, அதில் டெஸ்ட் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. மாரியில் ஈரத்தரையில் வெறுங்காலோடு மெசின் பிடிக்கிற நாட்களில் அந்த ஒரு பொத்தானை நம்பித்தான் நிற்கிறோம். சுருட்டி வைக்கிற நீள வயரை முழுவதும் விரித்துவிட்டுத்தான் கிரைண்டர் போட வேண்டும், சுருளாக இருந்தால் உள்ளே சூடேறி உருகும்.

கூரை சீற் பற்றி எழுதாமல் விட மாட்டேன். கார்த்திகை மழை தொடங்கினால் ஒழுக்கு, ஒழுக்கென்றால் உடனே கூரையில் ஏறி அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கிரைண்டரால் வெட்டுகிறோம். வெள்ளைப் புகை மாதிரித் தூசு பக்கத்து வளவு வரைக்கும் போகிறது, கீழே பிள்ளைகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நீல அஸ்பெஸ்டஸை இந்த நாடு 1987 இலேயே தடை செய்தது. இப்போது கூரையில் இருப்பது வெள்ளை. அதையும் 2018 இல் இருந்து படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு சொன்னது, 2017 கடைசியில், வெள்ளை அஸ்பெஸ்டஸை விற்கிற ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியதும் அந்த முடிவு தள்ளிப்போனது. அது அரசியல். சுவாசப்பைக்கு அரசியல் தெரியாது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, அதுவும் இருபது, முப்பது, நாற்பது வருசம் கழித்துத்தான் தெரியவரும். கூரையில் முழுதாக இருக்கிற சீற்றுக்குப் பயப்படத் தேவையில்லை, அதை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளைக்கும்போதும் கிளம்புகிற தூசுதான் எமன். வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றி நனைத்து, கைவாளால் மெல்ல அறுக்க வேண்டும், துணி மாஸ்க் காணாது, தூசுக்கென்றே உள்ளதைப் போட வேண்டும், விழுந்த தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுத்து உறையில் கட்ட வேண்டும். பெரும்பாலான ஒழுக்குக்கு வெட்டவே தேவையில்லை. போல்ட்டுக்குக் கீழே இருக்கிற வாசர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், அதை மாற்றினால் ஒழுக்கு நின்றுவிடும். ஏறும்போது மரம் ஓடுகிற கோட்டிலேயே, அதாவது போல்ட் வரிசையிலேயே, பலகை போட்டுக் கால் வைக்க வேண்டும்.

சின்னச் சின்ன விசயம் தெரியாததால் காசும் போகிறது. பக்கத்து வீட்டுத் தம்பியின் கிரைண்டர் நெருப்புப் பொறி கக்கி நின்றுபோனது. கொண்டுபோன கடையில் ஆமேச்சர் எரிந்துவிட்டது, திருத்துவதை விடப் புதிது வாங்குவது லாபம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குப்பையில் போடப் போனதை நான் வாங்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் இருக்கிற இரண்டு கறுப்பு மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே காபன் பிரஷ் இரண்டு இருக்கும், இரண்டும் தேய்ந்து பொடியாக இருந்தன. சோடி மாற்றிப் போட்டோம், ஒரு கறிக்கு மீன் வாங்குகிற காசுகூட ஆகவில்லை, மெசின் ஓடுகிறது. கிணற்று மோட்டர் உறுமும், சுற்றாது என்று எத்தனை பேர் வந்து கேட்கிறார்கள். பல தரம் அது கப்பாசிட்டர்தான், ஆனால் கரண்டை எடுத்த பிறகும் அதற்குள் கரண்ட் நிற்கும், தெரியாமல் விரல் வைத்தால் தூக்கி அடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் நான் ஒருவரையும் அனுப்புவதில்லை. சீமெந்துக் கல் சுவரில் துளை போட்டால் ஸ்குறூவுக்கு வைக்கிற பிளாஸ்டிக் பிளக் ஆடுகிறது என்பார்கள். சுத்தியல் அடிக்கிற பட்டனை நிறுத்திவிட்டு வெறும் சுற்றிலே ஆறு மில்லிமீற்றர் அலகால் துளைத்துப் பாருங்கள், ஆடாது. சுவிச்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் மட்டும் துளைக்க வேண்டாம், வயர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கும்.

இதெல்லாம் பெரிய படிப்பு இல்லை. படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், காத்தான்குடி, ஏறாவூரிலும், கல்முனை தாண்டித் திருக்கோவில் வரைக்கும் இதைத் தெரிந்த வயதான ஓடாவிமார், வயர்மேன்மார், மேசன்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுத உங்களிடம் பிரதேச நிருபர்கள் இருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு படம், கால்பக்கம் போதும். பெண்களும் கேட்கும்படி இருக்க வேண்டும், ஏனென்றால் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் ட்ரில்லும் ஒழுக்கும் அவர்கள் தலையில்தான். ஆயுத பூசைக்கு வருசத்தில் ஒருநாள் கிரைண்டருக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம், அந்தக் கிழமையில் இந்தப் பக்கத்தைத் தொடங்கினால் எனக்குப் பெரிய சந்தோசம்.

பக்கம் தொடங்க நாள் எடுக்குமென்றால் இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். வெட்டுகிற தட்டு தாங்கும் வேகம், நிமிடத்துக்கு: 4 அங்குலம் சுமார் 15,000 சுற்று, 5 அங்குலம் சுமார் 12,200, 7 அங்குலம் 8,500, 9 அங்குலம் சுமார் 6,600. தட்டு பெரிதாகப் பெரிதாகத் தாங்கும் வேகம் குறைகிறது. மெசினின் தகட்டில் உள்ள எண் தட்டில் உள்ள எண்ணை விடக் கூடினால் மாட்டக் கூடாது. இதை வெட்டி எடுத்துப் பிளக் பொயின்டுக்குப் பக்கத்தில் ஒட்டலாம். என் வீட்டில் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன், போன ஞாயிறு மச்சான் வந்து கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனான்.

இப்படிக்கு,
கல்லடி வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.